அக்கம்பக்கத்தின் வலிமையும் எல்லையும்

பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதாலும், கோடை வெயிலில் வரும் தபால்காரருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டுவதாலும் ஊரில் ஏதாவது மாறிவிடுமா? இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் புழங்குகின்றன. பள்ளிப் பாடங்களும் மேடைப் பேச்சுகளும் தரும் பதில், இத்தகைய சிறு உதவிகளால்தான் உலகமே நிற்கிறது என்பது. சமூக நீதி பேசுவோர் பலரிடம் கிடைக்கும் பதில் இதற்கு நேர் எதிரானது: கூலியையும் மருத்துவத்தையும் வீட்டையும் அரசின் கொள்கைகள் தீர்மானிக்கும்போது, அந்தச் சொம்புத் தண்ணீர் கொடுப்பவரின் மனநிறைவைத் தவிர வேறெதையும் கூட்டாது என்பது. இரு தரப்பும் சான்றுகளைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுவது குறைவு. அண்டை அயலாரின் உதவியைப் பற்றி மருத்துவம், சமூகவியல், உளவியல், பேரிடர் ஆய்வு ஆகிய துறைகளில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கையில் எனக்குத் தெரிவது இது: அன்றாட உதவி உயிரைக் காக்கும் அளவுக்கு வலிமையானது, அந்த வலிமை நல்ல மனங்களிலிருந்து வருவதைவிட, மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பழக வாய்ப்புத் தரும் இடங்களிலிருந்தும் வழக்கங்களிலிருந்துமே அதிகம் வருகிறது, அந்த இடங்களுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஊர் கிழிக்கும் கோடுதான் அதன் பெரிய குறை.

வலிமையைக் காட்டும் சான்றுகளில் அதிகம் விவாதிக்கப்பட்டது சிகாகோவிலிருந்து வருகிறது. 1995 ஜூலை நடுவில் அந்த நகரத்தில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமாக அந்த நாட்களில் இறப்பவர்களைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு தனியாகக் கிடந்து, யாரும் எட்டிப் பார்க்காமல் இறந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் இந்த மரணங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று ஒட்டியே இருக்கும் இரண்டு வட்டாரங்களை அவர் அதில் ஒப்பிட்டார். இரண்டிலும் ஏழ்மை உண்டு. தனியாக வாழும் முதியவர்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நார்த் லான்டேலில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தபோது, சவுத் லான்டேலில் லட்சத்துக்கு 4 பேர்தான் இறந்தார்கள். முதல் வட்டாரத்தில் பெரிய ஆலைகள் மூடப்பட்டு, கடைகள் போய், காலி மனைகளும் குற்றங்களும் பெருகியிருந்தன. வெளியே வரவே முதியவர்கள் அஞ்சினார்கள். இரண்டாவதில் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களின் கடைத்தெரு நாள் முழுதும் கலகலப்பாக இருந்தது. நடந்து போக இடமிருந்தது. கடைக்குள் நுழைந்தால் குளிர்ச்சி இருந்தது. இரண்டு நாள் வராவிட்டால் விசாரிக்க ஆளும் இருந்தது. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இன்னொரு விவரம். அங்கே தனியாக வாழ்ந்த முதியவர்களில் பலர் மெக்சிகோக்காரர்கள் இல்லை. தங்கள் உறவினர்கள் இடம்பெயர்ந்து போன பிறகும் அங்கேயே தங்கிவிட்ட வெள்ளையர்கள். அவர்களுக்குத் துணை நின்ற கடைத்தெரு அவர்களுடைய இனத்தாருடையதோ மொழியினருடையதோ இல்லை.

இரண்டு வட்டாரங்களை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்ற கேள்வி நியாயமானது. பிறகு சிகாகோவின் பல வட்டாரங்களை எடுத்துப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தவர்கள், மக்களிடையே உள்ள நெருக்கத்தின் அளவு இறப்பு விகிதத்தைத் தீர்மானித்தது என்பதற்குத் திடமான ஆதாரம் காணவில்லை. அவர்களுக்குக் கிடைத்த உறுதியான தொடர்பு வேறு: கடைகளும் வணிகமும் அழிந்த வட்டாரங்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. இது கிளைனன்பர்க்கின் வாதத்தைக் கவிழ்ப்பதாகச் சிலர் கருதலாம். எனக்கு அது வாதத்தைத் திருத்திக் கூர்மையாக்குவதாகவே படுகிறது. அண்டை அயலார் உயிர் நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் கண்ணில் மற்றவர் பட வேண்டும், அதற்குத் தோதான தெரு இருக்க வேண்டும். முதல் தேவை இதுதான். நம் ஊரில் ஒரு டீக்கடையோ, மளிகைக் கடையோ, ரேஷன் கடை வரிசையோ செய்யும் வேலையை எந்த அறநூலும் செய்துவிட முடியாது.

பேரிடர் வரும்போது இந்த அறிமுகத்தின் மதிப்பு பளிச்சென்று தெரியும். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் நான்கில் மூவரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தவருமே என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. தீயணைப்புப் படையும் ராணுவமும் திறமையற்றவை என்று இதற்குப் பொருளில்லை. முதல் சில மணி நேரத்தில் அவர்களால் எல்லா இடத்துக்கும் வந்து சேர முடியாது. எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார்கள் என்று அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கியபோதும் இதுவே நடந்தது. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்து, மாடிகளில் தவித்தவர்களை இறக்கினார்கள். மசூதிகளும் கோயில்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் யார் எவர் என்று கேட்காமல் கதவைத் திறந்தன. 2018இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது அங்கும் மீனவர்களே முன்னால் நின்றார்கள்.

ஆனால் பேரிடர் சில நாட்களில் வந்து போவது. எந்தப் பேரிடரும் இல்லாத சாதாரண நாட்களில் என்ன நடக்கிறது என்பதே நம் கேள்விக்கு நெருக்கமானது. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 148 ஆய்வுகளைத் திரட்டி ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். சமூக உறவுகள் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிருடன் இருக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று அது காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுடன் தனிமைக்குத் தொடர்பு இருப்பதாகவும் கணித்தது. இவை தொடர்பைக் காட்டும் எண்கள். உடல்நலம் கெட்டவர்களே தனிமைப்படுகிறார்கள் என்ற எதிர்த்திசையும் இவற்றுக்குள் கலந்திருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் சிறிதல்ல. தமிழ்நாட்டுக்கு இது அயல்நாட்டுச் செய்தியாக இருக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். அதற்குப் பிறகு அந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்க, அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் தாயும், மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, கிராமத்தில் தனியாகக் கஞ்சி காய்ச்சும் தந்தையும் இந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள்.

நெருங்கிய உறவுகளின் பலனை வழிப்போக்கான சிறு உதவிகளுக்கும் ஏற்றிச் சொல்வது மிகையாகாதா? இங்கே உளவியல் ஆய்வுகள் உதவுகின்றன. அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகிய இருவரும் செய்த சோதனைகளில் ஒன்று, குளிர்காலத்தில் சிகாகோவின் ஒரு பனிச்சறுக்குத் திடலில் நடந்தது. சிலரிடம் சூடான சாக்லெட் பானம் கொடுத்து, அதைத் தங்களுக்குத் தெரியாத ஒருவருக்குத் தரச் சொன்னார்கள். பெறுபவர் எவ்வளவு மகிழ்வார் என்று கொடுத்தவர்கள் கணித்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். கொடுப்பவரின் கவனம் பொருளின் சிறுமையில் நிற்கிறது. பெறுபவருக்கோ தன்னை ஒருவர் நினைத்தார் என்பதே பெரிதாகப் படுகிறது. நாம் உதவத் தயங்கும் இடங்களில் பாதி, நம் உதவியை நாமே மலிவாக மதிப்பதால் விளைபவை என்று எனக்குத் தோன்றுகிறது. “இதைப் போய் எப்படிக் கொடுப்பது”, “அவங்க என்ன நினைச்சுக்குவாங்க” என்று பின்வாங்கும் கை, எதிரே இருப்பவரின் மனதைத் தவறாகக் கணித்துவிட்டுப் பின்வாங்குகிறது.

மீதிப் பாதிக்குக் காரணம் அவசரமும் அச்சமும். 1973இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரின்ஸ்டனில் பாதிரிமார் பயிற்சியில் இருந்த மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு உரையாற்ற அனுப்பினார்கள். வழியில் ஒருவர் நோயுற்றவர்போல் சரிந்து கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே நின்றார்கள். அவர்களில் சிலர் ஆற்றப்போன உரை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் கதையைப் பற்றியது. அறத்தைப் பற்றிய சிந்தனை அவர்களை நிறுத்தவில்லை. கையிலிருந்த நேரம்தான் நிறுத்தியது. அதே சமயம், கூட்டத்தில் யாருமே உதவ மாட்டார்கள் என்று நாம் கேட்டுப் பழகிய கதையும் முழு உண்மை இல்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் தெருக் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 சச்சரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒன்பது சம்பவங்களில் அருகிலிருந்த ஒருவராவது தலையிட்டார் என்று கண்டது. மனிதரிடம் உதவும் எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் குறுக்கே நிற்பவற்றை அகற்றுவதே வேலை. நம் சாலைகளில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கத் தயங்கியவர்கள் பெரும்பாலும் போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும் என்று அஞ்சியவர்கள். அந்த அச்சத்தைப் போக்க 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் வழிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 134ஏ பிரிவைச் சேர்த்தது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கச் செய்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறவர் “பணம் யார் கட்டுவது?” என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வதில்லை. சட்டமும் நிதியும் தெருவில் நிற்கும் ஒருவரின் கையை எப்படி விடுவிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

உதவியை ஒரு நொடி மன எழுச்சியாக விட்டுவிடாமல் நிலையான ஏற்பாடாகச் செய்துவைப்பது தமிழ்நிலத்துக்குப் பழைய அறிவு. சாலையோரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்திவைத்த சுமைதாங்கி இதற்கு அழகான சான்று. தலைச்சுமையோடு தனியாக நடப்பவருக்குச் சுமையை இறக்கிவைக்கவும், பிறகு ஏற்றிக்கொள்ளவும் இன்னொருவரின் கை தேவை. அந்தக் கை இல்லாத பொட்டல் வெளியிலும் கல் அந்த வேலையைச் செய்தது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நட்டார்கள். துயரம் ஊருக்குப் பயன்படும் பொருளாகியது. வழிப்போக்கர் உட்காரத் தெருப் பக்கம் பார்த்துக் கட்டிய திண்ணை, கோடைக்கு மோரும் தண்ணீரும் வைத்த பந்தல், பொதுவில் வெட்டிய ஊருணி, மாடுகள் உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சிக் கல் என இந்த வரிசை நீளும். 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவது, ஒருவர் மனதில் எழுந்த இரக்கம் ஓர் ஏற்பாடாக மாறினால் எத்தனை தலைமுறை தாண்டும் என்பதற்குக் கண்முன் நிற்கும் ஆதாரம். இன்று நாம் கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை, மதில் இருக்கிறது. நடைபாதைகளில் நடக்க முடிவதில்லை. அன்பு குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்தக் கட்டிட வரைபடங்களைப் பார்க்க வேண்டும்.

இங்கே நிறுத்திக்கொண்டால் இது பழம்பெருமைக் கட்டுரையாகிவிடும். அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது? அந்த ஊருணியில் யார் குடம் முக்க முடிந்தது? அக்கம்பக்கக் கருணைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிகக் கனமானது இதுவே, அதை நான் முழுமையாக ஏற்கிறேன். நம் ஊரில் ‘ஊர்’ என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டு வழங்கி வந்தது. உள்ளே எவ்வளவு அன்பு பெருகினாலும் கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கு அதில் பங்கில்லை. உள்ளே நெருக்கம் இறுக இறுக, வெளியே தள்ளும் விசையும் கூடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இதை அளந்து காட்டியது. தமிழகத்தில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு. அரசியல் ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச் இந்தக் கடற்கரையையும், கோபே உள்ளிட்ட வேறு இடங்களையும் சேர்த்து ஆராய்ந்து 2012இல் நூலாக்கினார். வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவக் கிராமங்கள் வேகமாக மீண்டன. தலைக்கட்டுக் கணக்கு வைத்து, வந்த நிவாரணத்தைப் பொதுவில் திரட்டிப் பங்கிட்டு, அதிகாரிகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஒரே குரலில் பேச அவற்றால் முடிந்தது. அதே பஞ்சாயத்துகள், கணக்கில் சேராதவர்களை நிவாரணத்திலும் சேர்க்கவில்லை. கணவனை இழந்த பெண்களும், கடலோரத்தில் கூலி வேலை செய்த தலித் மக்களும், ஊர் அமைப்புக்கு வெளியே இருந்த இன்னும் பலரும் பல இடங்களில் விடுபட்டார்கள். ஒருவரைக் காத்த அதே ஒற்றுமை இன்னொருவரை ஒதுக்கியது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே கடற்கரையில் நடந்தன.

2015 வெள்ளத்திலும் இந்தக் கோடு மறையவில்லை. மீனவர்களின் படகுகளை நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். வெள்ளம் வடிந்த பிறகு சென்னையின் மலைபோன்ற குப்பையை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கையுறையும் காலணியும் இல்லாமல் பலர் அந்தச் சேற்றில் இறங்கினார்கள். சோற்றுப் பொட்டலங்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோன நகரத்துக்கு அவர்களின் பசியும் தங்குமிடமும் கண்ணில் படவே நாளாயிற்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, அங்கு விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரின் பார்வைக்கு டீக்கடையின் இரட்டைக் குவளை முறையும் வந்தது. டீக்கடையின் வேலையை மேலே போற்றிய நானே இதையும் சொல்ல வேண்டும்: இரண்டு குவளை வைத்த டீக்கடை மனிதர்களை ஒருவர் கண்ணில் ஒருவர் பட வைக்கிறது, அவமானத்தோடு பட வைக்கிறது. நகரத்தின் அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வருபவர்களும் உணவு கொண்டுவரும் இளைஞர்களும் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒட்டப்படும் அறிவிப்பு, அதே குவளையின் புதிய வடிவம். அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகளும் ரத்ததான வேண்டுகோள்களும் நிறைந்திருக்கலாம்.

அதற்காக அன்றாட உதவியைக் கைவிட வேண்டும் என்று முடிவு கட்டுவது தவறு. சவுத் லான்டேலின் முதியவர்களை நினைவில் கொண்டால், கோட்டைத் தாண்டிய பழக்கம் சாத்தியம் என்பது தெரியும். அதற்கு உறவோ ஒரே மொழியோ தேவைப்படவில்லை, எல்லோரும் ஒரேபோல் நுழையக்கூடிய தெரு தேவைப்பட்டது. இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஓர் ஊரின் கருணையை, அது தன்னவர்களுக்கு எவ்வளவு செய்கிறது என்பதை வைத்து மதிப்பிட முடியாது. அதைச் சாதிச் சங்கமும் செய்யும். தன் கணக்கில் சேராதவருக்கு அது என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் வெறும் கொடை போதாது. மேலிருந்து கீழே போகும் பொட்டலம் கோட்டை அழிக்காமலே தாண்டிவிடும். ஒரே குவளையில் குடிப்பது, ஒரே லிப்டில் ஏறுவது, குப்பை எடுக்க வருபவரின் பெயர் தெரிந்து அவர் வராத நாளில் விசாரிப்பது ஆகியவை செலவில்லாதவை; இருந்தும் ஒரு மூட்டை அரிசி கொடுப்பதைவிட நம்மவர்க்கு இவை கடினமாக இருக்கின்றன. அந்தக் கடினமே அவற்றின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு அரசியல் தரப்பிலிருந்து வருகிறது: அண்டை அயலார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அரசு கைகழுவிக்கொள்ளும் என்பது. கற்பனை அச்சமில்லை இது. பிரிட்டனில் 2010இல் ஆட்சிக்கு வந்த டேவிட் கேமரன் ‘பெரிய சமூகம்’ என்ற முழக்கத்தோடு தன்னார்வத்தைப் போற்றிய அதே ஆண்டுகளில், உள்ளாட்சிகளுக்கான நிதியை அவருடைய அரசு கடுமையாக வெட்டியது. நூலகங்களும் இளைஞர் மையங்களும் மூடப்பட்டன; மக்கள் கூடும் இடங்களை மூடிவிட்டு மக்கள் கூடி உதவ வேண்டும் என்று கேட்டதுதான் அந்தத் திட்டத்தின் முரண். ஆனால் எதிர்த்திசையில் நடந்த ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலி நிவாரண, நோய்த்தணிப்புச் சேவை, சில ஆண்டுகளில் மலப்புறம் உள்ளிட்ட வடகேரள ஊர்களில் அக்கம்பக்கத்தவரின் வலையமைப்பாக விரிந்தது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்கு முறைவைத்துப் போனார்கள். புண்ணைச் சுத்தம் செய்தார்கள், பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்தார்கள், கடைகளில் சில்லறை திரட்டிச் செவிலியரின் சம்பளத்துக்கு வழி செய்தார்கள். வலியைத் தணிக்கும் மார்பின் மருந்துக்கு மருத்துவரும் அரசு அனுமதியும் வேண்டும். அதை அவர்களால் தர முடியாது. அந்த எல்லையில் அவர்கள் அரசை விலக்கிவிடவில்லை, இழுத்து வந்தார்கள். 2008இல் நோய்த்தணிப்புக்கென்று தனிக் கொள்கையை அறிவித்த முதல் இந்திய மாநிலமாகக் கேரளம் ஆனது. பஞ்சாயத்துகள் வீடு தேடிப் போகும் செவிலியர்களை அமர்த்தின. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே செவிலியரையும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களையும் அனுப்புகிறது. அரசுப் பக்கத்திலிருந்து பாதி வழி வந்தாகிவிட்டது. தெருவிலிருந்து எழ வேண்டிய மறுபாதி கேரளத்தில் எழுந்த அளவுக்கு இங்கே எழவில்லை.

பயிற்சியும் ஒழுங்கும் சேர்ந்தால் எளிய மனிதரின் அக்கறை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜிம்பாப்வே காட்டியது. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள அந்த நாட்டில், டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் ஹராரே நகரின் ஒரு வட்டாரத்தில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாக மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். மனம் சோர்ந்து வருபவரிடம் அவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். அவருடைய சிக்கல்களில் முதலில் எதைத் தீர்க்கலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் ஒப்பீட்டு முறையில் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பிறகு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தன. பாட்டிகளிடம் பேசியவர்களில் அது ஏறக்குறைய ஏழில் ஒருவராகக் குறைந்திருந்தது. வட்டாரத்தில் மதிப்புள்ள மூத்த பெண்களின் சொல், பயிற்சி, வாராவாரம் திரும்பி வர ஓர் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் வந்த பலன் இது.

மூன்றாவது எதிர்ப்பு தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972 முதல் வற்புறுத்தி வருவதன் வழியில் வருவது: தூரம் அறத்தில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது, அருகிலிருப்பவருக்கு வசதியைக் கூட்டும் பணம், தொலைவில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் என்றால் அங்கேதான் போக வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் பணம் பயணம் செய்யும். ஆள் துணை பயணம் செய்யாது. மாரடைத்து விழுந்தவரின் நெஞ்சை அழுத்திக்கொடுப்பது, தாயில்லாத நேரத்தில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையைக் கவனிப்பது, கதவு திறக்காததைக் கண்டு தட்டிப் பார்ப்பது ஆகியவற்றைக் கென்யாவுக்கு அனுப்ப முடியாது, அங்கிருந்து வரவழைக்கவும் முடியாது. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றதற்குக் குறையும் என்ற நிலை இங்கே இல்லை.

நான்காவதை ஆய்வாளர்களைவிட நம் பெண்களே அதிகம் சொல்வார்கள்: அக்கம்பக்கம் என்பது உதவி மட்டுமில்லை, வேவும் கூட. யார் எப்போது வீட்டுக்கு வந்தாள், யாரோடு வண்டியில் போனாள், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்கும் கண்களும், காய்ச்சலுக்குக் கஷாயம் கொண்டுவரும் கைகளும் பல தெருக்களில் ஒரே ஆளுடையவை. வாடகைக்கு வீடு தேடும்போது சாதியும் சாப்பாடும் விசாரிக்கப்படுவதும் இதே பார்வையின் தொடர்ச்சி. நகரத்தின் முகமின்மை பலருக்கு விடுதலையாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. கிராமத்துக்குத் திரும்புங்கள் என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனினும் கேட்டு உதவுவது வேறு, கேள்வி கேட்டு உதவுவது வேறு. கேரளத் தன்னார்வலர்களின் பயிற்சியில் நோயாளி சொல்லாததைத் துருவாமல் இருப்பதும் நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பளிப்பதும் சேர்ந்திருப்பது தற்செயல் இல்லை. அக்கறைக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இவ்வளவுக்கும் பிறகு செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், உபதேசத்தைக் குறைத்துக்கொண்டு ஏற்பாடுகளைக் கூட்ட வேண்டும் என்பேன். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும், கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கப் பேரிடர் நிதியைச் செலவிடும் வழியும் அதில் உண்டு. சென்னை மாநகராட்சி 2025இல் உணவு கொண்டுசெல்லும் ஊழியர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை திறந்ததும் இந்த வரிசையில் சேரும். பந்தலும் ஓய்வறையும் நடந்து வர முடிந்தவர்களுக்கு உதவும். சிகாகோவில் இறந்தவர்கள் நடந்து வராதவர்கள். ஒவ்வொரு தெருவிலும் தனியாக இருக்கும் முதியவர் யார், மாற்றுத் திறனாளி யார், தகரக் கூரையின் கீழ் கைக்குழந்தையோடு இருப்பவர் யார், கட்டுமான இடத்தில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் யார் என்பது எந்த அரசாணையிலும் இல்லை. பால் போடுபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அது தெரியும். சித்திரை பிறப்பதற்குள் வார்டு உறுப்பினர் இவர்களை உட்காரவைத்து அந்தப் பெயர்களைத் திரட்டி, தினம் காலையும் மாலையும் ஒருமுறை கதவைத் தட்ட ஆட்களை ஒப்புக்கொள்ள வைக்கலாம். பெயர்ப்பட்டியலை ஊரின் நடுத்தெருவிலிருந்து ஆரம்பித்தால் அது வழக்கம்போல் கோட்டருகே வந்து நின்றுவிடும். காலனியிலிருந்தும் கட்டுமானத் தொழிலாளர் கொட்டகையிலிருந்தும் எழுதத் தொடங்க வேண்டும்.